பதினாலாவது கொண்டை ஊசி

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லும்மா
என்பார் டாக்டர்.
பதினாலு என்பாள் ஜெசிந்தா.
ஏற்காட்டுக்காரி.
அவள் ஊர்ப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை, பலகையில் எண்.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்,
ஏழு என்று எழுதிக்கொள்வார்.

வியாழக்கிழமை. பெரியாஸ்பத்திரி. வலிக்கான ஓ.பி.
பெஞ்சு முழுக்க நரைத்த தலைகள்.
யாருக்குத் துணைக்கு வந்தே பாப்பா
என்று என்னைக் கேட்காத ஆளில்லை.
பதில் சொல்லிச் சலித்துத்தான்
மூன்று பேரும் ஓரமாக ஒன்றாய் உட்காரத் தொடங்கினோம்.
அதற்கு நட்பு என்று பேர் வைக்க அப்போது தோன்றவில்லை.

மாதேஷுக்கு முழங்காலுக்குக் கீழே எரிகிறது.
குரங்குச்சாவடியில் பைக் சறுக்கியதாம்.
எலும்பு கூடிவிட்டது, நெருப்பு மட்டும் அணையவில்லை.
ஃபேன் காற்று பட்டாலே பல்லைக் கடிப்பான்.
தன் காலில் ஒரு சாக்ஸ்கூடப் பொறுக்காதவன்
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
ஊர்க் கால்களுக்கெல்லாம் கொலுசுத் திருகாணி வைக்கிறான்.

ஆனால் அவனிடம் ஊன்றுகோல் இருக்கிறது.
ஐந்து ரோட்டில் அவன் பஸ் ஏறினால்
யாராவது ஒருவர் எழுந்துவிடுவார்.
நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.
இடுப்பெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருவது
சுடிதாருக்கு வெளியே தெரியாது.
ஒருநாள் வாய் தவறிவிட்டது:
உனக்கென்னடா, குச்சி இருக்கு.
அவன் குச்சியை நீட்டினான்:
வச்சுக்க.
அன்றைக்கு அதற்குமேல் யாரும் பேசவில்லை.

என் நோய்க்குப் பெயர் இருக்கிறது,
பெயருக்கு ஊசி இருக்கிறது,
ஊசிக்கு அப்பாவின் மூன்று மாதச் சம்பளம்.
ஜெசிந்தாவுக்குப் பெயரே இல்லை.
பத்தாம் வகுப்பிலிருந்து அடிவயிற்றில் யாரோ துணி பிழிகிறார்கள்.
ஸ்கேன் நார்மல். ரத்தம் நார்மல்.
கல்யாணமானால் சரியாகும் என்கிறாள் சித்தி.
நார்மல் காகிதங்களை மட்டும் ஒரு ஃபைலில் அடுக்கி
மடியில் வைத்திருப்பாள், ரேஷன் கார்டு போல.
உங்களுக்கெல்லாம் படம் விழுது என்றாள் எங்களிடம்.
சிரித்தபடிதான் சொன்னாள்.

மார்கழியில் வீட்டுக்குக் கூப்பிட்டாள்.
அடிவாரம் தாண்டியதும் முதல் பலகை.
நல்ல வேளை, எனக்கும் சீட்டு கிடைத்திருந்தது.
ஐந்தாவது வளைவில் முதுகு இறுகியது.
ஒன்பதில் எழுந்து நின்றுவிட்டேன்.
நின்றதும் கொஞ்சம் மூச்சு வந்தது.
உட்கார்ந்தால்தான் என் உடம்புக்கு ஆகாது,
அது எனக்கு முன்பே தெரியும்.
நான் ஏங்கியது சீட்டுக்கு அல்ல,
கேட்காமலே எழுந்துகொள்கிறாரே
அந்த ஒரு ஆளுக்கு.
மாதேஷ் காலியான என் இடத்தைப் பார்த்தான்,
பிறகு ஜன்னலைப் பார்த்தான்.
சொன்னால் சிரிப்பானோ என்று பேசாமல் இருந்தேன்.

இதோ பதினாலு, என்றாள் ஜெசிந்தா.
ஒரு தடுப்புச் சுவர், இரண்டு குரங்குகள்,
கீழே கலைந்த அரிசிபோல் சேலம்.
பரீட்சைக்குப் போகும்போது இங்கேதான் பஸ்ஸை நிறுத்தினாங்க.
அந்தச் சுவர்மேல் படுத்துக்கிட்டேன்.
டீச்சர் சொன்னாங்க, நடிக்கிறா, விடுங்க.
பஸ் போயிடுச்சு.
அப்போ பதினாலுங்கிறது? என்று கேட்டான் மாதேஷ்.
எவ்வளவுன்னு யாருடா சொன்னா,
எங்கேன்னு சொல்றேன்.

மேலே பனி இறங்கிக்கொண்டிருந்தது.
அவன் கால் ஈரம் பட்டு எரிந்தது,
என் முதுகு மரக்கட்டையானது,
அவள் மட்டும் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு
அன்றைக்கு நன்றாக இருந்தாள்,
நன்றாக இருப்பதற்கு எங்களிடம் மன்னிப்புக் கேட்பவள் மாதிரி
இரண்டு தரம் காபி போட்டாள்.

அடுத்த வியாழன் டாக்டர் கேட்டார்.
ஆறு என்றேன், வழக்கம்போல.
ஆறாவது வளைவில் என்ன இருக்கிறதென்று
இறங்கும்போது பார்த்திருக்கலாம்.
தூங்கிவிட்டேன்.